இடப்பக்கம் நடந்த கடமான்

நீர்மருதங்காட்டில் கோடைக்கு முன்பே தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பருவம் வந்துவிட்டது. நெடுங்காலம் தலைமை வகித்த கிழ யானை, "இனி என்னால் ஆகாது" என்று சொல்லிவிட்டு மலைக்கு அப்பால் போய்விட்டது.

கோடையில் அந்தக் காட்டில் வற்றாத நீர் ஒரே ஒரு சுனையில்தான் இருக்கும். சுனைக்கரையில் வேட்டை கூடாது என்பது சட்டம். அதைக் காப்பதும் கைவிடுவதும் தலைவரின் விருப்பம்.

ஊன் தின்னும் கூட்டம் செம்பன் என்ற செந்நாயை ஒரு மனதாக நிறுத்தியது. புல் தின்னும் கூட்டத்திலோ இருவர் முன்வந்தனர். ஒருவன் காட்டெருது இடும்பன். மற்றொருத்தி கடமான் மருதி. இவர்களில் யாரைச் செம்பனுக்கு எதிராக நிறுத்துவது? மூன்று குளக்கரைகளில், ஒன்றன்பின் ஒன்றாக, முன்தேர்தல் நடத்துவதென்று முடிவாயிற்று.

இருவரும் பகைவர் அல்லர். இடும்பனின் இடக்கண்ணில் பூ விழுந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அது மருதிக்கு மட்டுமே தெரியும். சுனைக்குப் போகும்போதெல்லாம் அவள் அவனுக்கு இடப்பக்கமாகவே நடப்பாள். அவளுடைய பின்னங்காலில் ஒரு குளம்பு பிளந்திருந்தது. அது இடும்பனுக்கு மட்டுமே தெரியும். இறக்கம் வந்தால், அவள் சாய்ந்துகொள்ளத் தன் விலாவைக் கொடுப்பான். "அண்ணா" என்றுதான் அவள் அவனை அழைப்பாள்.

மூங்கில் குளத்தில் முதல் முன்தேர்தல் நடந்தது. மருதி சுனையைக் காக்கும் வழிகளைப் பொறுமையாக விளக்கினாள். இடும்பன் ஒருமுறை தரையைக் கிளறிப் புழுதி கிளப்பினான். அவ்வளவுதான். கூட்டம் அவன் பின்னால் போய் நின்றது.

மருதி திகைத்துப் போனாள். செய்தி சுமக்கும் மைனா அவள் கொம்பில்லாத் தலையில் வந்து அமர்ந்தது.

"உங்கள் பேச்சை அடுத்த குளத்தில் சொன்னேன், அக்கா. முயல்கள் தூங்கிவிட்டன."

"உண்மையைத்தானே பேசினேன்?"

"உண்மையில் உப்பும் வேண்டும், காரமும் வேண்டும். அவரைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள். பொழுது சாய்வதற்குள் காடு முழுக்கப் பரப்பிவிடுகிறேன்."

மருதி தயங்கினாள். தோற்றுவிடுவோம் என்ற அச்சம் தயக்கத்தைத் தின்றுவிட்டது.

கோரைக் குளத்தில் அவள் சொன்னாள்: "இடும்பனுக்கு இடக்கண் தெரியாது. இடப்பக்கம் புலியே வந்து நின்றாலும் புதர் என்பான். இவனா நமக்குக் காவல்?"

கூட்டம் சிரித்தது. கோரைக் குளம் மருதிக்கு வந்தது.

இடும்பன் அன்று அவளோடு பேசவில்லை. பாறைக் குளத்தில்தான் வாய் திறந்தான்.

"என் கண்ணைச் சொன்னாளே, தன் காலைச் சொன்னாளா? குளம்பு பிளந்த கால் அது. மேட்டில் துள்ளுவாள். இறக்கத்தில் விட்டுப் பாருங்கள், இரண்டாம் அடியில் உருண்டு விழுவாள்!"

கூட்டம் மறுபடியும் சிரித்தது. முடிவில் பாறைக் குளமும் மருதிக்கே கிடைத்தது, பத்துத் தலைகள் வித்தியாசத்தில். வென்றவள் திரும்பியபோது, நாவல் மரத்தடியில் முன்கால்கள்மேல் மோவாயை வைத்துப் படுத்திருந்த செம்பனைக் கண்டாள். மூன்று குளங்களிலும் அவன் இப்படியேதான் படுத்திருந்தான்.

"ஊருக்கெல்லாம் தேர்தல். நீ மட்டும் ஓரிடத்திலும் பேசக் காணோமே, செம்பா?" என்று ஏளனமாகக் கேட்டாள்.

"நீங்கள் இருவரும் நன்றாகத்தானே பேசுகிறீர்கள், தாயே. கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

கோடை பிறந்து குளங்கள் வற்றியபின், பொதுத்தேர்தல் சுனைக்கரையில் நடந்தது. காட்டெருதுகள் ஒன்றுகூட வரவில்லை. "எங்கள் தலைவனைக் குருடன் என்றவளுக்கு நாங்கள் எதற்கு?" என்று மூங்கில் காட்டிலேயே தங்கிவிட்டன. இடும்பனும் வரவில்லை.

செம்பன் எழுந்து நின்றான். "நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. மைனா, மூன்று குளங்களிலும் கேட்டதை அப்படியே சொல்."

மைனா சொன்னது. இடும்பன் குருடன். மருதி நொண்டி. மருதி தன் சொற்களைத் தன் காதாலேயே கேட்டாள்.

"இதையா நான் சொன்னேன்?"

"ஓர் எழுத்தையும் நான் கூட்டவில்லை, அக்கா."

செம்பன் பணிவோடு கேட்டான்: "குருடனையும் நொண்டியையும் விட்டால், சுனையைக் காக்க வேறு யார் இருக்கிறார்கள்?"

முயல்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சில கலைந்து போயின. சில, தலையைக் குனிந்தபடி, செம்பனின் பின்னால் போய் நின்றன. அதுவே போதுமானதாயிற்று.

மறுநாளே சட்டம் நீக்கப்பட்டது. மைனா அந்தச் செய்தியை மூங்கில் காட்டுக்குக் கொண்டுபோவதற்குள், தாகம் தாங்காமல் இடும்பன் சுனைக்கு வந்துவிட்டான். தனியாக வந்தான்.

மேட்டில் நின்ற மருதி அதைக் கண்டாள். கோரைப் புல்லுக்குள் ஏழெட்டுச் செந்நாய்கள் ஓசையின்றி நகர்ந்தன. ஒன்றாவது வலப்பக்கம் போகவில்லை. எல்லாம் இடப்பக்கமே ஊர்ந்தன.

"அண்ணா!" என்று கத்தினாள். "இடப்பக்கம்! இடப்பக்கம் பார்!"

இடும்பன் நீரிலிருந்து முகத்தை உயர்த்தினான். "தேர்தல்தான் முடிந்துவிட்டதே, மருதி. இன்னுமா என் கண்ணைப் பழிக்கிறாய்?" என்றான் கசப்போடு. அவளைப் பார்க்கத் தன் நல்ல கண்ணை மேட்டுப் பக்கம் திருப்பினான். இடப்பக்கம் முழுவதும் செந்நாய்களுக்குத் திறந்து கிடந்தது.

இடும்பனின் அலறலை மருதி கேட்டாள். பின்னாலிருந்து ஓர் உறுமலும் கேட்டது. திரும்பினாள். செம்பன் மேட்டுவழியை மறித்து நின்றான். அவளுக்கு ஓடுவதற்கு விடப்பட்டிருந்தது ஒரே வழி. அது இறக்கம்.

தம்மவரை வெல்வதற்காக அவர் குறையை அம்பலத்தில் ஏற்றுகிறவர், அனைவருக்கும் பொதுவான பகைவனுக்கு வழிகாட்டியே ஆவார்.