வராத சால்வையும் வந்த கறுப்பும்

முன்னொரு காலத்தில் தேனாற்று நாட்டைக் கோடைவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் ஒருவனை நாடு கடத்துவார். மதியச் சாப்பாடு முடிந்ததும் அதே ஆளுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்க ஆசைப்படுவார். பாதி வழி போனவன் மூச்சிரைக்கத் திரும்பி ஓடிவர வேண்டும்.

ஒருநாள் அவர் ஆசையாக வாங்கிய ஊறுகாய் நாள் கடந்து, பூசணம் பிடித்து வந்து சேர்ந்தது. வந்ததே கோபம். உடனே ஒரு சட்டம் போட்டார். இனி கைத்தொழில் செய்பவர்கள் எல்லாரும் அரண்மனைச் சந்தை மண்டபம் வழியாகத்தான் விற்க வேண்டும். வாங்குபவர் மண்டபத்தில் பணம் கட்டுவார். மண்டபத்து ஆட்கள் பொருளை வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். "பொருள் வரவில்லை" என்று வாங்கியவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பணம் அவருக்கே திரும்பிவிடும். விற்றவரையோ கொண்டுபோனவரையோ யாரும் விசாரிக்கக் கூடாது. மூன்று முறை அப்படிப் புகார் வந்தால் விற்றவரின் பெயரையே மண்டபத்திலிருந்து எடுத்துவிடுவார்கள்.

"ஆஹா, இப்படியொரு சட்டம் வேறு எந்த ராஜாவுக்குத் தோன்றும்?" என்று முதல் ஆளாகக் கைதட்டியவர் அலங்காரபூபதி. அரசவையில் மூத்தவர். அவருக்கு வாழ்க்கையில் இரண்டே கவலைகள். ஒன்று, தலை நரைத்துக்கொண்டே போவது. இன்னொன்று, ராஜா எதற்கெடுத்தாலும் மந்திரி கங்காதரரையே கேட்பது.

சட்டம் வந்தபின் பூபதியின் தோளில் புதுச் சால்வை ஏறியது. காலில் வெள்ளிப்பூண் போட்ட செருப்பு ஏறியது. தலையும் கருகருவென்று ஆகிவிட்டது. ஆனால் மண்டபத்தில் போய்க் கேட்டால், பாவம், அந்த மனிதருக்கு ஒரு பொருளும் வந்து சேர்ந்ததே இல்லை!

தலையைக் கறுப்பாக்கிய தைலத்தைக் காய்ச்சியவள் ஆற்றங்கரை நாகம்மை. அவுரியும் கரிசலாங்கண்ணியும் தானே பயிரிட்டு, தானே இடித்து, தானே காய்ச்சுகிறவள். பூபதி அவள் மேல் மூன்றாவது புகாரும் கொடுத்துவிட்டார். மறுநாள் அவள் பெயரை எடுத்துவிடுவார்கள். அழுகையை அடக்கிக்கொண்டு அவைக்கு வந்தாள்.

"தைலத்துக்குப் போட்ட காசு போனாப் போகுது, மகாராஜா. பேரை எடுத்துட்டா நான் எங்க போய் விப்பேன்? அடுப்பை அவிச்சுட்டு உக்கார வேண்டியதுதான்" என்றாள்.

"பார்த்தீர்களா, ராஜாவின் சட்டத்தையே குறை சொல்கிறாள்" என்றார் பூபதி. "வரவில்லை என்றால் வரவில்லை."

கங்காதரர் எழுந்தார். "மகாராஜா, இதில் ஏதோ அநியாயம் நடக்கிறது."

ராஜாவுக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. "என் சட்டத்திலா அநியாயம்? சரி. நாளை என் பிறந்தநாள் தர்பார். பூபதியின் வார்த்தையைச் சந்தேகிக்காமல் இவளுக்கு நியாயம் காட்டும். முடியாவிட்டால் மந்திரி ஆசனம் பூபதிக்கு."

"அப்படியே ஆகட்டும். அவர் சொல்வதை எழுத்துக்கு எழுத்து நம்புகிறேன்" என்றார் மந்திரி. பூபதிக்கு அன்றைக்கே அந்த ஆசனத்தில் உட்கார்ந்து பார்க்க ஆசையாக இருந்தது.

அந்த அவையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜாவின் பிறந்தநாளன்று ஒவ்வொருவரும் தாம் அணிந்திருப்பது யார் கைவேலை என்று பெயர் சொல்லித்தான் வணங்க வேண்டும். பெயர் பெற்ற கைகள் செய்ததை அணிந்தவருக்கு அவையில் தனி மதிப்பு. விடுவாரா பூபதி?

"சால்வை கீழவாசல் மாடத்தி நெய்தது. செருப்பு பகடைத்துறை வீரணன் தைத்தது" என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

"அடடா, அருமை" என்றார் கங்காதரர். "ஆனால் மாடத்தியின் சால்வை வரவில்லை என்று மண்டபத்தில் சொன்னீர்களே? வீரணனின் செருப்பும் வரவில்லையாமே?"

பூபதி விழித்தார். "ஆமாம்... வரவில்லை."

"நம்புகிறேன். வராத பொருள் உங்களுடையது ஆகாது. வழியில் தொலைந்தது எவரிடம் கிடைத்தாலும் அரண்மனைக்குச் சேரும் என்பது பழைய சட்டம். காவலா, சால்வையை வாங்கிக்கொள். செருப்பையும்தான்."

பூபதி வெறுங்காலோடு நின்றார். அவையில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்து நாகம்மையின் தைலம். அதுவும் தொலைந்துபோனது. அது இருக்கும் இடம் எனக்குத் தெரிகிறது" என்று மந்திரி பூபதியின் தலையைப் பார்த்தார்.

"இது என் சொந்தக் கறுப்பு!"

ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்து குனிந்து பார்த்தார். வகிடு நெடுக, முடியின் அடியில் வெள்ளை வெளேரென்று முளைத்திருந்தது. ராஜாவின் முகம் மாறியது.

"தைலத்தை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது, மகாராஜா. முடியோடுதான் எடுக்க வேண்டும்" என்றார் கங்காதரர். அரண்மனை நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டே முன்னால் வந்தார்.

பூபதி இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார். "வந்தது! சால்வை வந்தது, செருப்பு வந்தது, தைலம் மூன்று முறையும் வந்தது!"

அப்போது அவை சிரித்த சிரிப்பில் முரசு கட்டியிருந்த கயிறே ஆடியது.

ராஜா மட்டும் சிரிக்கவில்லை. "மந்திரி, அவர் ஏமாற்றினார். ஏமாற்றக் கதவைத் திறந்து வைத்தவன் நான்" என்றார். பூபதி தாம் ஏமாற்றிய எல்லோருக்கும் இரண்டு மடங்கு பணம் தர வேண்டும், ஒரு வருஷம் மண்டபத்திலேயே நின்று புகார் சொல்பவர்களைக் கும்பிட்டு வரவேற்க வேண்டும் என்று தீர்ப்பானது. சட்டமும் மாறியது. இனிப் புகார் வந்தால் விற்றவர், வாங்கியவர், கொண்டுபோனவர் மூவரையும் கேட்க வேண்டும். பணம் திரும்ப வேண்டுமானால் கைக்கு வந்த பொருளும் திரும்பியாக வேண்டும். கங்காதரருக்கு ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார்.

"உனக்கு என்னம்மா வேண்டும்?" என்று நாகம்மையைக் கேட்டார்.

"என் பேரு மண்டபத்துல இருந்தாப் போதும், மகாராஜா."

"இருக்கும்." ராஜா மீசையைத் தடவியபடி குரலைத் தாழ்த்தினார். "அப்படியே எனக்கும் ஒரு குப்பி அனுப்பு. பணம் இப்போதே கட்டிவிடுகிறேன்."

நாகம்மை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஏன் மகாராஜா, அரண்மனை வண்ணார் பேருல போன மாசம் வாங்கினீங்களே, அது தீந்துபோச்சா?"