ஞாயிற்றுக்கிழமைத் தோள்

சிஷ்யருக்கு வயது ஐம்பத்தொன்று. குருவுக்கு முப்பத்திரண்டு. அதனால் குரு சிஷ்யரை அண்ணாச்சி என்று கூப்பிடுவாள். சிஷ்யர் குருவை டீச்சர் என்பார். பாளையங்கோட்டையில் இதை யாரும் வேடிக்கையாகப் பார்க்கவில்லை.

குருவின் பெயர் பியூலா. மாவு மில்லுக்கு மேலே இருந்த அறையில், பாட்டுக்கு அடியில் கனத்த கீழ்ச்சுரம் கொடுக்கிற பேஸ் கிட்டார் சொல்லிக்கொடுத்தாள். சிஷ்யர் வேதமுத்து, பஸ் டெப்போவில் டைம்கீப்பர். ஞாயிறானால் சர்ச் பாடகர் குழுவில் பேஸ் வாசிப்பார். பேஸ் வாசிக்கிறவரை எவரும் கவனிப்பதில்லை. நிறுத்தினால்தான், ஏதோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். வேதமுத்துவுக்கு அந்த மூலையே போதும். அவர் தனக்கென்று ஆசைப்பட்டு வைத்துக்கொண்டது உலகத்தில் அது ஒன்றுதான்.

அதை விட்டுவிடத்தான் அன்றைக்கு வந்திருந்தார். கூடவே மனைவி ரோஸ்லின். அவளும் அதே குழுவில் பாடுகிறவள்.

"டீச்சர், நீங்களே ஒரு நல்ல வார்த்தை சொல்லி முடிச்சு வைங்க" என்றாள் ரோஸ்லின். "இவுங்களுக்குத் தோளு போச்சு, முதுகும் போச்சு. டாக்டர் கிட்டாரைத் தொடக்கூடாதுன்னுட்டாரு. வார ஞாயித்துக்கிழமை சர்ச்சுல ஸ்தோத்திரப் பண்டிகை. அதுல நின்னாங்கன்னா திங்கக்கிழமை எந்திரிக்க மாட்டாங்க."

பியூலா வேதமுத்துவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"எப்ப வலிக்கி அண்ணாச்சி?"

"ஞாயித்துக்கிழமை."

"புதன்கிழமை பிராக்டிஸ்ல?"

"அன்னைக்கு ஒண்ணும் செய்யாது."

"அதே பாட்டுதான?"

"அதே பாட்டுதான். பிராக்டிஸ்னா இன்னும் கூட நேரம் நிப்போம்."

"பெறகு ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன் வலிக்கணும்?"

இதற்கு வேதமுத்துவிடம் பதில் தயாராக இருந்தது. வருஷக்கணக்காக மனசுக்குள் வைத்துப் பக்குவப்படுத்திய பதில். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"புதன்கிழமை நமக்கு வாசிக்கது டீச்சர். ஞாயித்துக்கிழமை கர்த்தருக்கு வாசிக்கது. பாரம் இருக்கத்தான செய்யும்? இது என் சிலுவை."

"சிலுவைக்குத் தைலம் தேய்க்கது நானு" என்றாள் ரோஸ்லின்.

பியூலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

"பிரசங்கம் நடக்கும்போது உக்காந்துக்குவியளா?"

"நின்னுக்கிட்டுத்தான் இருப்பேன்."

"கிட்டாரு?"

"தோள்லதான் கெடக்கும். போதகர் பேசும்போது கழத்தி வச்சா மரியாதையா இருக்குமா?"

"பிரசங்கத்துக்கு வாசிப்பு உண்டா அண்ணாச்சி?"

"இல்ல" என்றார் வேதமுத்து.

பியூலா தலையாட்டினாள். "ஞாயித்துக்கிழமை எப்படி நிப்பியளோ அப்படியே நாளைக்கு வாங்க. அதே உடுப்பு, அதே செருப்பு. பெறகு விடுறதா வேண்டாமான்னு பாப்போம்."

மறுநாள் சாயங்காலம் மில்லில் மிளகாய் அரைக்க வந்தவர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பாடகர் குழுவின் மெரூன் நிற சாட்டின் அங்கி காலைத் தட்ட, முதுகில் கிட்டாரோடு ஒரு மனிதர் மாடிப்படி ஏறிப் போனால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? பின்னால் ரோஸ்லின் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறினாள். அந்த அங்கியை இஸ்திரி போட்டுக் கண்ணாடியாகப் பளபளக்க வைத்திருந்தது அவள்தான்.

வேதமுத்து கிட்டாரின் நைலான் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். அவருடைய இடது காலுக்குப் பக்கத்தில் பியூலா ஒரு தலையணையைக் கொண்டுவந்து போட்டாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

"வாசிங்க."

வாசித்தார். பாட்டுப் பாதியில் இருக்கும்போது பியூலா சொன்னாள்:

"இடது கையை எடுங்க."

"எடுத்தா..."

"எடுங்க அண்ணாச்சி."

எடுத்தார். வார் அங்கியின் மேல் சர்ரென்று வழுக்கியது. கிட்டாரின் கழுத்து சாய்ந்து, தலைப்பக்கம் தலையணையில் போய் இடித்தது. வேதமுத்து பதறிப் பிடிக்கப் போனார். கை போவதற்கு முன்னாலேயே அவருடைய இடது தோள் துள்ளி ஏறிக் காதுப் பக்கம் போய் நின்றது.

"யம்மா" என்றாள் ரோஸ்லின்.

"இன்னொரு தடவை" என்றாள் பியூலா.

இன்னொரு தடவையும் அதே கதைதான். மூன்றாம் தடவை வேதமுத்து கையை எடுக்கவில்லை. தன்னுடைய இடது கையையே யாரோ அயலான் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஞாயித்துக்கிழமை முழுக்க இதைக் கீழ விழாம பிடிக்கது யாரு?"

"இந்தக் கைதான்."

"வாசிக்கது?"

"அதுவும் இதேதான் டீச்சர்."

"தோளு?"

"வார் நழுவாம இருக்க... தூக்கிக் குடுத்துக்கிட்டே இருக்கு." அவருக்கே குரல் இறங்கிவிட்டது. "எனக்குத் தெரியாம."

"புதன்கிழமை என்ன சட்டை?"

"பருத்திச் சட்டை."

"அது வாரைப் பிடிச்சுக்கிடும்."

பியூலா சுவரில் மாட்டியிருந்த அகலமான தோல் வார் ஒன்றை எடுத்தாள். உள்பக்கம் சொரசொரவென்று இருந்தது. நைலான் வாரைக் கழற்றி எறிந்துவிட்டு அதைப் பூட்டினாள்.

"உக்காருங்க. மடியில வச்சு வாசிங்க. வசதியா இருக்கா?"

"இருக்கு."

உட்கார்ந்த வாக்கிலேயே வாரை இழுத்துச் சரியாக இறுக்கினாள். "இப்ப எந்திரிங்க."

எழுந்தார். மடியில் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் கிட்டாரும் எழுந்து வந்தது.

"கையை எடுங்க."

வேதமுத்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். ஒன்றும் விழவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். கிட்டார் அதன் பாட்டுக்கு நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. வலது கையையும் எடுத்தார். இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு ஸ்கூல் பிள்ளை மாதிரி நின்றார். கீழே மில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இறங்க இறங்க, அடிவயிற்றிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. எத்தனை காலமாக அடைத்துக் கிடந்ததோ, அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"எறங்கிட்டு டீச்சர்" என்றாள் ரோஸ்லின். "தோளு எறங்கிட்டு. கல்யாணத்தன்னைக்கு இப்படித்தான் இருந்தாங்க."

"இம்புட்டுத்தானா?" என்றார் வேதமுத்து.

"இம்புட்டுத்தான். பிரசங்கத்துக்குக் கழத்தி ஸ்டாண்டுல வச்சிருங்க. நீங்களும் உக்காந்துக்கிடுங்க."

சந்தோஷப்பட வேண்டிய மனுஷர் லேசாக முகம் வாடி நின்றார். இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்ததைச் சும்மா விட்டுக்கொடுத்துவிட முடியுமா?

"அப்ப... சிலுவை?"

"அங்கி வழுக்குது அண்ணாச்சி" என்றாள் பியூலா.

பண்டிகை நடந்தது. டாக்டர் சொன்னதை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்து, ரோஸ்லின் அவரை நிற்க விட்டாள்.

திங்கட்கிழமை டெப்போ வேலை முடிந்த கையோடு வேதமுத்து மாடிப்படி ஏறி வந்தார். தனியாகத்தான் வந்தார். யாரும் சொல்லாமலே ஏறி வந்த வேகத்தில் விஷயம் தெரிந்துவிட்டது.

"வலி?"

"பொட்டு வலி இல்ல டீச்சர்! முதுகுன்னு ஒண்ணு இருக்கதே மறந்து போச்சு. நேத்து மத்தியானம் அவ தைலத்தைத் தூக்கிக்கிட்டு வந்து, தேய்க்க எடம் கெடைக்காம திரும்பிப் போனா. இனி கிட்டாரை விட வேண்டாம்னு அவளே சொல்லிட்டா."

பியூலாவுக்கும் மனசு நிறைந்தது. "நல்லது அண்ணாச்சி."

வேதமுத்து உட்கார்ந்தார். உறையிலிருந்து கிட்டாரை எடுத்து மடியில் வைத்தார். ஆனால் வாசிக்க ஆரம்பிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா டீச்சர்?"

"கேளுங்க."

"வலிச்ச காலத்துல, ஆராதனை முடிஞ்சா ஏதோ குடுத்துட்டு வந்த திருப்தி இருக்கும். நேத்து அது இல்ல. காணிக்கைத் தட்டு முன்னால வரும்போது கையைக் கட்டிக்கிட்டு இருந்த மாதிரி இருக்கு. நான் நேத்து என்னத்தக் குடுத்தேன்?"

பியூலா திருப்பிக் கேட்டாள்.

"பாட்டு கேட்டுச்சா?"

"எந்தப் பாட்டு?"

"நீங்க வாசிச்ச பாட்டு."

வேதமுத்து மெதுவாகச் சொன்னார்.

"கேட்டுச்சு டீச்சர். ரோஸ்லின் குரல் தனியாக் கேட்டுச்சு. அவ ரெண்டாம் குரல் பாடுதவ. கடைசிப் பாட்டுல ஒரு எடத்துல எல்லாரும் மேல போவாங்க, அவ மட்டும் கீழ எறங்குவா. நானும் அங்கதான் எறங்குவேன். ரெண்டு பேரும் போய் ஒரே எடத்துல நின்னோம்."

"இதுக்கு முன்னால?"

"அவ என் பக்கத்துலதான் நிப்பா. எப்பவும் அங்கதான். நான் கேட்டதே இல்ல."

"அதை அவங்ககிட்டச் சொன்னியளா?"

"இல்ல டீச்சர்."

பியூலா அவர் மடியிலிருந்து கிட்டாரை எடுத்தாள். உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடி, அவர் கையில் கொடுத்தாள்.

"இன்னைக்குப் பாடம் கெடையாது அண்ணாச்சி. வீட்டுக்குப் போங்க."