வாய்க்கூடை போட்ட நாடு

வெகு காலத்துக்கு முன்னால் பூங்கரை நாட்டைச் சித்திரமகுடன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் போடுகிற தூக்கத்தைக் கெடுத்தால் மட்டும் நல்லவன் இல்லை.

ஒருநாள் அந்தத் தூக்கத்தில் எங்கோ ஒரு நாய் குரைத்துவிட்டது. ராஜா சிவந்த கண்ணோடு சபைக்கு வந்தான். அமைச்சர் ஆவுடையப்பர் வாயைத் திறப்பதற்குள் கோதண்டராயர் முந்திக்கொண்டார். அமைச்சர் ஆசனத்தின்மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த பிரபு அவர்.

"மன்னா, போரடிக்கிற மாடு கதிரைத் தின்னாமலிருக்க வாய்க்கூடை கட்டுகிறோமே, அதையே நாய்க்கும் கட்டிவிட்டால்?"

"பேஷ்!" என்றான் ராஜா. அன்றே உத்தரவு பிறந்தது. மத்தியானமானால் நாட்டிலுள்ள எல்லா நாய்க்கும் வாய்க்கூடை. யோசனை சொன்ன ராயருக்கு 'நிசப்த சிகாமணி' என்று பட்டம் வேறு.

மத்தியானம் என்பது ஊரே வயலில் கிடக்கிற நேரம். வீட்டையும் கொட்டிலையும் பார்த்துக்கொள்வது நாய்தான். இதையெல்லாம் ஒரு ராஜாவுக்குச் சொல்லவேண்டுமா என்று ஆவுடையப்பருக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் சொன்னார். ராஜா காதில் ஏறவில்லை. திருடர்களோ யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டார்கள். கோழி போனது, கன்று போனது, கொல்லையில் கிடந்த மண்வெட்டிகூடப் போனது.

பூவாயி என்பவள் நேரே சபைக்கே வந்துவிட்டாள். நாலு ஆட்டை வளர்த்துப் பிழைக்கிறவள். "சாமி, மூணு ஆட்டை ஓட்டிட்டுப் போயிட்டானுங்க. மிச்சமிருக்கிறது ஒரே ஒரு சினையாடு. அதுவும் போச்சுன்னா நானும் எம்புள்ளைங்களும் என்னத்தைத் திங்கிறது? நான் வந்து பாக்குறப்போ எங்க நாயி கூடைக்குள்ள ம்ம் ம்ம்முனு முனகிக்கிட்டு நிக்குது!"

"ஆட்டைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவள் சட்டத்தைக் குறை சொல்கிறாள்," என்று ராயர் சிரித்தார்.

"மன்னா, கூடையைக் கழற்றிவிட்டால் போதும்," என்றார் ஆவுடையப்பர்.

"என் தூக்கம்?"

"இவளுடைய ஆடு?"

"பெயரிலேயே ஆவை உடையவர், இப்போது ஆட்டுக்கும் பரிந்து வருகிறார்!" என்றார் ராயர். சபையே சிரித்தது. ராஜாவுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "ஆவுடையப்பரே, ஒரு கூடையையும் கழற்றாமல் திருடனைப் பிடியும். முடியாவிட்டால் உம்முடைய ஆசனம் ராயருக்கு."

இவர்களோடு எப்படித்தான் மாரடிப்பது! ஆவுடையப்பர் வீட்டுக்கு வீடு பெருவாத்து வளர்க்கச் சொன்னார். வாத்து நாயைவிடப் பொல்லாதது. அந்நியன் வாசலில் கால் வைத்ததும் கத்தி ஊரைக் கூட்டிவிடும். திருடர்கள் வெறுங்கையோடு ஓடினார்கள். அந்தச் சத்தத்தில் ராஜாவும் கட்டிலிலிருந்து உருண்டான். மறுநாளே வாத்துக்கும் கூடை என்று உத்தரவாயிற்று. வாத்து மூக்கில் எந்தக் கூடையும் நிற்க மாட்டேனென்கிறது என்று கூடை முடைகிறவர்கள் வந்து அழுதார்கள். கடைசியில் வாத்துகளையே அரண்மனைச் சமையலறைக்குப் பிடித்துப் போனார்கள். அந்த வாரமே பூவாயியின் சினையாடும் போய்விட்டது.

ஆவுடையப்பருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதை அடக்கிக்கொண்டு ராஜாவிடம் போய்க் குழைந்தார். "மன்னா, ராயரின் சட்டம் அருமையான சட்டம். ஆனால் பாதியில் நிற்கிறதே! அரண்மனைக் காவலர்கள் இருமுகிறார்கள், கூப்பிட்டுக்கொள்கிறார்கள். மத்தியானத்தில் இங்கேயும் வாயுள்ள எவரும் சத்தம் போடக்கூடாது என்று ஆக்கிவிட்டால்?"

ராஜா பூரித்துப்போனான். எதிரி பணிந்துவிட்டான் என்று ராயரும் பூரித்தார். "தங்கள் பள்ளியறை வாசலில் நானே காவல் நிற்கிறேன் மன்னா!"

ஆவுடையப்பர் சந்தையில் தண்டோரா போடச் சொன்னார். "மத்தியானத்தில் அரண்மனையில் எவரும் வாய் திறக்கக் கூடாது! ராஜாவின் கிடாய்க் கொட்டிலிலும் மூச்சு விடக் கூடாது!" திருடர்களை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததுபோல் ஆயிற்று.

ராஜாவிடம் மலைமுட்டி என்றொரு சண்டைக் கிடாய் இருந்தது. ராணியைவிட அதன்மேல்தான் அவனுக்குப் பிரியம். தண்டோரா போட்ட மறுநாளே திருடர்கள் கொட்டிலுக்குள் புகுந்து அதன் கயிற்றை அவிழ்த்தார்கள். காவலர்கள் பார்த்தார்கள். சட்டப்படி சும்மா நின்றார்கள். மாடியில் பள்ளியறை வாசலில் நின்ற ராயரும் பார்த்தார். கையை ஆட்டினார், காலை உதைத்தார், காவலர்களை நோக்கி விழியை உருட்டினார். அவர்களும் பணிவாக விழியை உருட்டினார்கள். கிடாய் கொல்லைவாசலைத் தாண்டப் போனது. அதற்குமேல் ராயரால் தாங்க முடியவில்லை.

"திருடன்! திருடன்! ஐயோ, கிடாய் போகிறதே!"

கொல்லைவாசலுக்கு வெளியே பதுங்கியிருந்த ஆவுடையப்பரின் ஆட்கள் திருடர்களை அப்படியே அமுக்கினார்கள். ராஜா தலைவிரி கோலமாக வெளியே வந்தான். "கத்தியது யார்?"

"நம் நிசப்த சிகாமணிதான் மன்னா," என்றார் ஆவுடையப்பர்.

"திருடனைக் கண்டால் கத்தாமல் எப்படி மன்னா இருப்பது?" என்று ராயர் அலறினார்.

"அதைத்தான் மன்னா நாய்களும் இத்தனை நாளாகச் சொல்லப் பார்த்தன. நீங்கள்தான் கூடை போட்டுவிட்டீர்களே!"

ராஜா கிடாயைப் பார்த்தான். முகம் தொங்கிப்போயிற்று. தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஆவுடையப்பருக்குப் போட்டான். ராயரின் பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டு, நாட்டிலுள்ள ஒவ்வொரு நாயின் கூடையையும் அவர் தம் கையாலேயே கழற்றவேண்டும் என்று உத்தரவிட்டான். எந்த நாய் எங்கே கடித்தது என்பதை ராயர் யாரிடமும் சொல்லவில்லை.

திருடர்களின் மறைவிடத்திலிருந்து பூவாயியின் ஆடுகள் திரும்பின. சினையாடு குட்டியோடு வந்தது. ராஜா வெட்கத்தோடு அவளைக் கூப்பிட்டு, "என்ன வேண்டுமோ கேள்," என்றான்.

"ஆடு வந்திருச்சு சாமி, அது போதும். உங்களுக்குத்தான் ஒண்ணு சொல்லணும். மத்தியானம் படுக்கிறப்போ காதுல கொஞ்சம் பஞ்சை வெச்சுக்கிட்டுப் படுங்க."



"நாட்டிலிருந்த வாயையெல்லாம் கட்டினோமே, இந்த இரண்டு காதை அடைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லையே!" என்று ஆவுடையப்பர் சபையென்றும் பாராமல் கத்தினார்.

ராஜா பஞ்சு கொண்டுவரச் சொன்னான்.