புங்கை நிழலா, கிரேஸின் மூச்சா?

கோவில்பட்டியில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு புங்கை மரம் நின்றது. மரம் நின்ற மண் தனராஜுடையது. அதற்கு ஊற்றிய தண்ணீர் செண்பகவல்லியுடையது.

பத்து வருஷத்துக்கு முன்பு செண்பகவல்லி வீட்டு மேற்குச் சுவர் சாயங்காலமானால் கைவைக்க முடியாதபடி கொதிக்கும். இரண்டு ஃபேன் ஓடியும் உள்ளே இருக்க முடியாது. கரண்டு பில் ஏறியதுதான் மிச்சம். நிழலுக்கு ஒரு கன்று வைக்க அவளுக்கு முழ இடம் கிடையாது. பக்கத்து வீட்டுத் தனராஜ்தான் தன் முற்றத்தின் கிழக்கோரத்தைக் காட்டி, "இங்க வை தங்கச்சி" என்றார். இரண்டு கோடை, குடிக்கிற தண்ணீரில் பங்கு கொடுத்து அதை வளர்த்தாள். மரம் தலைதூக்கியதும் தனராஜ் ஒரு வார்த்தை சொன்னார்.

"நீயா வாயத் தொறந்து வெட்டுன்னு சொல்லுத வரைக்கும் இதுல அரிவாள் படாது."

அதன்பின் அந்த வீட்டுக்கு ஒரு ஃபேன் போதுமானதாயிற்று. காலையில் மரத்தின் நிழல் தனராஜ் வீட்டு மாடியில் கிடக்கும். மூன்று மணிக்கு மேல்தான் செண்பகவல்லி வீட்டுப் பக்கம் திரும்பும். அதுவரை தன் மொட்டைமாடியில் சுள்ளென்று அடிக்கிற வெயிலில் அவள் மோர்மிளகாய் காயப்போட்டுக் கடைகளுக்குக் கொடுத்தாள். வீட்டுக்காரரை இழந்தவளுக்கு அதுதான் பிழைப்பு.

இந்த வருஷம் தனராஜின் மனைவி கிரேஸுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. இரவும் பகலும் ஆக்சிஜன் மெஷின் ஓட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கரண்டு பில் மூன்று மடங்காகி வந்தது. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்ந்தவர் தனராஜ். குண்டு பல்பையெல்லாம் மாற்றினார், பழைய ஃப்ரிட்ஜை விற்றார், மோட்டாரை நாளுக்கு ஒருமுறை மட்டும் போட்டார். போதவில்லை. கடைசியில் சோலார் தகடு மாட்டுகிறவரை வரவழைத்தார். வந்தவர் மாடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"இந்த மரம் நிக்கிற வரைக்கும் மத்தியானம் வரை தகட்டுல வெயில் விழாது சார். வெட்டிட்டீங்கன்னா நாளைக்கே மாட்டிரலாம்."

"அது என் மரம் இல்ல தம்பி" என்று அவரை அனுப்பிவிட்டார் தனராஜ்.

மிளகாயைப் புரட்டிக்கொண்டிருந்த செண்பகவல்லியின் காதில் அது விழுந்தது. புரட்டுவதை விட்டுவிட்டுக் கீழே இறங்கினாள். மேற்கு அறையில் அவள் மகள் இந்துமதி எட்டு மாதக் கர்ப்பிணியாகப் படுத்திருந்தாள். "இந்தப் பொண்ணுக்கு வெக்கை ஆகாதும்மா, பிரஷர் ஏறிரும்" என்று டாக்டரம்மா இரண்டு முறை எச்சரித்திருந்தார். பங்குனி முடியப் போகிறது. சித்திரை முழுக்க பாக்கி. மாமியார் வீட்டுக்கு அனுப்பலாமென்றால் அது தகரக் கூரை.

தனராஜ் அண்ணாச்சி ஒன்றும் கேட்கவில்லையே, நாமாக ஏன் வாயைத் திறக்க வேண்டும் என்று நான்கு நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஐந்தாம் நாள் மத்தியானம் கிரேஸுக்குக் கஞ்சி கொண்டுபோனாள். தனராஜ் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். வீட்டில் மெஷின் சத்தத்தைக் காணோம். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கிரேஸ் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது.

"ஐயோ மதினி! மெஷின் ரிப்பேரா?"

"நாந்தான்… அமத்திட்டேன். தெனம் ரெண்டு மணி நேரம்… அவுக வெளிய போற நேரம் பாத்து." கிரேஸ் நிறுத்தி மூச்சை இழுத்தாள். "பில்லப் பாத்ததுலருந்து மனுஷன் சோறு திங்க மாட்டேங்காரு. அவுககிட்ட சொல்லிராத தாயி."

செண்பகவல்லி ஓடிப்போய் சுவிட்சைப் போட்டாள். உதட்டில் இரத்தம் திரும்புகிற வரை கிரேஸின் கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்தால், இந்துமதி மேற்குச் சுவரில் முதுகைச் சாய்த்து, வயிற்றில் கைவைத்துக் கண்ணயர்ந்திருந்தாள். சுவர் குளிர்ச்சியாக இருந்தது. செண்பகவல்லிக்கு அன்று ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை. சாக்கை நனைத்துச் சுவரில் தொங்கவிட்டால் தாங்குமா? மகளுக்கு ஒன்று ஆகிவிட்டால்? மெஷினை அணைத்த நேரத்தில் கிரேஸுக்கு ஒன்று ஆகிவிட்டால்?

மறுநாள் காலை காம்பவுண்டுச் சுவரருகே போய் நின்றாள். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த தனராஜ் நிமிர்ந்தார்.

"என்ன தங்கச்சி, மொகம் வாடிக் கெடக்கு?"

அவள் புங்கையை அண்ணாந்து பார்த்தாள்.

வெட்டு என்றால் மகள் வெந்துபோவாள். வேண்டாம் என்றால் கிரேஸின் மூச்சு குறையும். பேசாமல் திரும்பினாலும் அதேதான். அந்த இடத்தில் செண்பகவல்லி என்ன சொன்னால் சரி?

விடை: "தகட்ட எங்க மாடில மாட்டுங்க அண்ணாச்சி, வயரு சொவரத் தாண்டி வரட்டும்" என்றாள் செண்பகவல்லி. அவள் மாடியில்தான் மூன்று மணிவரை மறைப்பில்லாத வெயில் இருந்தது. மகளின் உடம்பையும் கிரேஸின் மூச்சையும் அதுவரை மாற்றி மாற்றி எடை போட்டாளே, இரண்டுமே அவள் எடுத்துக் கொடுக்கக்கூடிய பொருள் அல்ல. கொடுக்க அவளிடம் இருந்தது அந்த மாடி மட்டும்தான். அதைக் கொடுத்ததில் மிளகாய்க்கு இடம் முக்கால்வாசி போயிற்று. அந்த வருஷம் இரண்டே கடைக்குத்தான் சரக்குப் போட முடிந்தது. தனராஜ் லேசில் சம்மதிக்கவில்லை. மெஷினை அணைத்து வைத்த கதையைக் கிரேஸே சொன்ன பிறகுதான் தலையசைத்தார். பேட்டரியோடு தகடு ஏறியது; தனராஜ் வீட்டுப் பில் இறங்கியது; தகட்டின் மறைப்பில் செண்பகவல்லி வீட்டுத் தளமும் சூடு தணிந்தது. வைகாசியில் இந்துமதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூக்கில் குழாயோடு அதை மடியில் வாங்கி, நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைத்தவள் கிரேஸ்.