மாமன் முறை

மூங்கில் பூத்துக் கிடந்த ஒரு காலத்திலே, ஆற்றோரக் காட்டிலே ஒரு பெருச்சாளி இருந்தது. அதன் வளை நிறைய வேர்க்கடலை. வயிறு நிறைந்ததும் அதற்குத் தலைவர் ஆகும் ஆசை வந்தது.

வீடு வீடாகப் போய்க் கும்பிட்டது. வரப்போரம் குடியிருந்த வயல் எலியிடமும் போனது.

"உங்க அம்மா எனக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி! நான் உனக்குத் தாய்மாமன் முறை! மாமனை மறந்துடாதே!"

எலிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமனுக்கே ஓட்டுப் போட்டது. பெருச்சாளி தலைவர் ஆனது.

அடுத்து வந்த மழையில் எலியின் வளைக்குள் தண்ணீர் புகுந்தது. சேர்த்து வைத்த நெல் எல்லாம் அழுகிப் போனது. குட்டிகள் பசியில் கத்தின. எலி தலைவர் வீட்டுக்கு ஓடியது.

"யாரு நீ? எனக்கு என்ன முறை?" என்று கேட்டது பெருச்சாளி.

"மருமக முறை, மாமா! நீங்கதானே சொன்னீங்க! குட்டிங்க பட்டினி கிடக்குது. கொஞ்சம் கடலை கொடுங்க."

"ஓ, அதுவா! அது ரொம்பத் தூரத்துச் சொந்தம். தூரத்துச் சொந்தத்துக்கெல்லாம் கொடுக்க ஆரம்பிச்சா நான் தெருவுலதான் நிக்கணும்!"

"ஓட்டுக் கேட்கும்போது தூரம்னு சொல்லலையே, மாமா?"

பெருச்சாளி மீசையைத் தடவிக்கொண்டது.

"சரி, கோவிச்சுக்காதே. ஊர்க் களஞ்சியத்துல தானியம் கொடுக்கிறாங்க. வரிசையில உன்னை முதல் ஆளா நிறுத்தச் சொல்றேன். போ!"

"அங்கே நிற்கிறவங்களும் பசியோடதானே நிற்கிறாங்க?"

"மாமன் சொல்றேன், போ!"

தலைவரின் உதவியாளர் ஓணான். அது எலியைக் கூட்டிக்கொண்டு களஞ்சியத்துக்குப் போனது.

"வழி விடுங்க! வழி விடுங்க! தலைவரோட மருமக வர்றாங்க!"

முதலில் நின்ற அணில் திரும்பிப் பார்த்தது.

"மருமகளா? எனக்கும் அவர் மாமன்தான்! எங்க அம்மாவும் அவருக்கு ஒன்றுவிட்ட தங்கச்சியாம்!"

"எங்க அம்மாவும்தான்!" என்றது முயல்.

"எங்க அம்மாவை நானே பார்த்ததில்லை," என்றது ஆமை. "ஆனா அவங்களும் தங்கச்சிதானாம்!"

வரிசை முழுக்கச் சிரிப்பு. "அப்போ மாமன் வீட்டுக்கே போவோம், வாங்க!" என்று எல்லாரும் கிளம்பினார்கள்.

"மாமா! மருமக்கள் வந்திருக்கோம்! உங்க கடலையை எடுங்க!"

பெருச்சாளி மண்ணைத் தள்ளி வாசலை அடைத்தது. உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது.

"நான் யாருக்கும் மாமன் இல்லை! சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை! போங்க!"

ஒவ்வொருவராகக் களஞ்சிய வரிசைக்குத் திரும்பினார்கள். அணில் மட்டும் எலியிடம், "கவலைப்படாதே, என் பங்குல பாதி தர்றேன். வா," என்று சொல்லிவிட்டு முன்னால் போனது.

அடைபட்டுக் கிடந்த வாசலை நோக்கி எலி குரல் கொடுத்தது.

"அடுத்த தடவை ஓட்டுக் கேட்க வந்தா, முறை சொல்லாம வாங்க, தலைவரே!"

சொல்லிவிட்டு அதுவும் நடந்தது.

உறவைச் சொல்லி உயர்ந்தவர் உறவுக்குத் தம் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். ஊர்ப் பொருளை எடுத்து நீட்டுவது உதவி ஆகாது.