முதுகில் ஏறிப் பள்ளிக்குப் போன கரடிக்குட்டி

ஒரு மலைக்காட்டில் தேனம்மா என்றொரு கரடி இருந்தாள். அந்தக் காட்டிலேயே ஒன்றாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவள் அவள் ஒருத்திதான். முதல் தடவை தனக்காக. இரண்டாம் தடவை தன் மகள் இலந்தைக்காக!

பள்ளி திறந்த அன்று இலந்தை ஓவென்று அழுதாள். "அழாதே, நான் இருக்கேன்ல!" என்று தேனம்மா அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு வகுப்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டாள். மற்ற குட்டிகள் சிரித்தன. குரங்கு டீச்சர் முறைத்தாள். தேனம்மாவுக்கு எதுவும் உறைக்கவில்லை.

புற்றைத் தோண்டும் பாடம் வந்தது. பிள்ளைக்கு நகம் தேய்ந்துவிடுமே என்று தாயே தோண்டினாள். தேன் எடுக்கும் பாடம் வந்தது. தாயே போய்க் கொட்டு வாங்கி, முகம் பூசணிக்காயாக வீங்கித் திரும்பினாள்.

"நான் என்னம்மா செய்யணும்?"

"கெட்டியாப் பிடிச்சுக்கோ கண்ணு, அது போதும்!"

ஆண்டு முடிவில் மரமேறும் பரீட்சை. நாவல் மரத்தில் ஏறிப் பழம் பறித்து வரும் குட்டிகள் மட்டுமே மேல்காட்டு வகுப்புக்குப் போகலாம். தவறினால், தோழிகள் எல்லாம் போனபின் இலந்தை மட்டும் தனியாக இங்கேயே கிடக்க வேண்டும். அதைத் தேனம்மாவால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. மகளைச் சுமந்துகொண்டு பாதி மரம் ஏறிவிட்டாள்.

"பரீட்சை உங்களுக்கா, உங்க பொண்ணுக்கா?" என்று கீழிருந்து கத்தினாள் டீச்சர்.

"பழம் வந்தா சரிதானே!" என்றாள் தேனம்மா. சொல்லி வாய் மூடவில்லை, அவளுடைய பின்னங்கால் ஒரு பொந்துக்குள் மாட்டிக்கொண்டது. இழுத்தாள், முக்கினாள். கால் வரவே இல்லை.

கீழே அத்தனை குட்டிகளும் அண்ணாந்து பார்த்தன. 'இந்த உடம்பை வச்சுக்கிட்டு எனக்கு எதுக்கு இந்தப் பரீட்சை! எனக்கு வாய்ச்ச புத்தி அப்படி!' என்று தேனம்மா தன்னையே திட்டிக்கொண்டாள்.

"அம்மா, நான் இறங்கிப் பொந்தைத் தோண்டறேன்."

"வேண்டாம்டி! விழுந்துடுவே!"

இலந்தை முதுகை விட்டு இறங்கினாள். இறங்கியதுமே சர்ரென்று வழுக்கினாள். தேனம்மா கண்ணை மூடிக்கொண்டு அலறினாள்.

"கண்ணைத் திறந்து பாருங்க தேனம்மா! அவ பிடிச்சுக்கிட்டா!" என்று கீழிருந்து கூவினாள் டீச்சர்.

உண்மைதான். இலந்தையின் நகங்கள் மரப்பட்டையில் நன்றாகப் பதிந்திருந்தன. அவளுக்கே ஆச்சரியம்! மெல்ல மெல்ல ஏறி வந்து, பொந்தைச் சுற்றியிருந்த உளுத்த மரத்தைச் சுரண்டினாள். தூள் மூக்கில் ஏறியது. தும்மினாள், மறுபடியும் சுரண்டினாள். கால் விடுபட்டது.

"வா கண்ணு, முதுகில ஏறிக்கோ."

"கொஞ்சம் இரும்மா!" என்றாள் இலந்தை. உச்சிக் கிளைவரை தானே ஏறினாள். வாய் நிறையப் பழத்தோடு தானே இறங்கினாள். அவளுக்குப் பின்னால், முனகிக்கொண்டே தாயும் இறங்கி வந்தாள்.

"இலந்தை மேல்காட்டுக்குப் போகலாம்!" என்றாள் டீச்சர். "ஆனா தேனம்மா, தயவுசெஞ்சு நீங்க வந்துடாதீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவள் தேனம்மாதான். கூடவே கொஞ்சம் அழுகையும் வந்தது.

பிள்ளையின் பாடத்தைப் பெற்றவர்களே படித்து முடித்துவிட்டால், பிள்ளைக்குக் கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சாது.