கைநாட்டும் குழாய்த் தண்ணீரும்

எங்கள் தீவின் அதிபர் தில்லைநாயகத்தைப் பதவியிலிருந்து இறக்க வாக்கெடுப்பு கேட்டுப் பாதி ஊர் கைநாட்டு வைத்தது. சமரசம் பேச வெளிநாட்டுப் பார்வையாளர்கள் வந்து கூட்டம் போட்டார்கள்.

“அத்தனையும் கள்ளக் கைநாட்டு. வைத்தவன் இருந்தால் என் முன்னால் வரட்டும்,” என்றார் அதிபர்.

நாங்கள் தரையைப் பார்த்தோம். ஊருக்குக் குழாய் திறந்துவிடும் சடையன் மட்டும் எழுந்து கும்பிட்டான்.

“ஐயா சொன்னால் சரிதான், யாருமே வைக்கவில்லை. அப்படியென்றால் நீங்கள் அடைக்கச் சொன்ன தெருக்களுக்குத் தண்ணீரைத் திறந்துவிடட்டுமா?”

“மூடடா வாயை! கைநாட்டு வைத்தவனுக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது!”

மொழிபெயர்ப்பாளர் அதையும் அப்படியே சொல்லிவிட்டார். பார்வையாளர்கள் அங்கேயே வாக்கெடுப்புக்கு நாள் குறித்தார்கள்.

தில்லைநாயகத்தை இன்றும் நான் மன்னிக்கவில்லை. ஆனால் கூட்டம் கலைந்தபோது, கைநாட்டு வைத்த எங்களில் ஒருவனுக்கும் சடையனின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.